ஜேர்மனி எருவும் அக்குறணை எருவும்

வான்கோழி எருவில் உமிக்கரியைக் கலந்து வைத்தால் எவ்வளவு நைதரசன் காற்றோடு போகிறது என்பதை இரண்டு நாடுகளில் ஒரே மாதிரி அளந்து பார்த்தோம். ஜேர்மனியில் என் தோழி அளந்தாள். நான் வாரம் ஒருமுறை பேராதனையிலிருந்து பஸ் ஏறி அக்குறணைக்குப் போய், வான்கோழி வளர்க்கும் ஒருவருடைய கொட்டிலுக்குப் பின்னால் குவித்திருந்த எருவை அளந்தேன்.

அவளுடைய குவியலைவிட என்னுடையதில் இழப்பு மிக அதிகம். நம் ஊர்ச் சூடுதான் காரணம் என்று எழுதவே தொடங்கிவிட்டோம்.

ஒருநாள் கொஞ்சம் முந்திப் போனேன். வான்கோழிக்காரர் மண்வெட்டியால் என் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"தெனமும் கெளறித்தான் உடுற, மிஸ். நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க. ஒங்களுக்கு நாத்தம் அடிக்கப்படாதெண்டுதான்."

அந்த நாற்றத்தில்தான் நான் அளக்க வந்த நைதரசன் இருந்தது. கிளறக் கிளற அது அமோனியாவாகப் பறந்துவிடும் என்று சொன்னதும் அவர் முகம் வாடியது.

"அப்ப எல்லாம் வீணாப் போன?"

"இல்லங்க. இன்னொரு குவியல் வைப்போம். அதத் தொடாம விடுங்க."

எனக்குக் கோபமே வரவில்லை. அன்று மாலை தொலைபேசியில் கேட்ட தோழியும் வெகுநேரம் சிரித்தாள்.

வரைபடத்தில் இரண்டாம் குவியலின் இழப்புக் கோடு அவளுடைய கோட்டுக்குச் சற்றே மேலே நின்றது. அந்த மிச்சம்தான் உண்மையில் சூட்டின் வேலை. வரைபடத்தைக் கொண்டுபோய் அவருக்குக் காட்டினேன். வெகு கவனமாகப் பார்த்துவிட்டு, "அந்த நாட்டு வான்கோழி பெரிசா, மிஸ்?" என்று கேட்டார்.