வேன் பார்க்கப் போன லூர்துநாதன்

பழைய வேனுக்குள் ஏறும் முன் லூர்துநாதன் செருப்பைக் கழற்றிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பழக்கம். மனிதர் பக்திமான் போலிருக்கிறது, வண்டியைக்கூடக் கோயிலாக நினைக்கிறார் என்று விற்கிறவர்கள் முதலில் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம் நிற்காது. வெறுங்காலோடு உள்ளே போய், குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்து, ஓரிடத்தில் நின்று, "இங்க பலகை ஊறிப் போயிருக்கு" என்பார். மேலே பூப்போட்ட புது மேட் கிடக்கும். அதைத் தூக்கினால் கீழே பிளைவுட் டீயில் முக்கிய ரொட்டி மாதிரி உப்பியிருக்கும்.

கடலூர் செம்மண்டலத்துக்காரர். வேன்களுக்கு பாடி கட்டும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பட்டறை மூடிய பிறகு, பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைத் துணைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். பார்த்து முடித்ததும் "எடுக்கலாம்" என்பார், இல்லாவிட்டால் "வேணாம்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. விலை பேச மாட்டார். விற்கிறவர் வாங்கித் தரும் டீயைத் தொட மாட்டார். அவர் சொன்ன பல 'வேணாம்'களால் வியாபாரம் கெட்ட புரோக்கர்கள், முதுகுக்குப் பின்னால் அவரை வேணாம் நாதன் என்றார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கு ஒரே மகள், பெலிசியா. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக வளர்த்து, பி.காம். படிக்கவைத்து, சிதம்பரத்தில் ஆரோக்கிய ஜெகனுக்குக் கட்டிக்கொடுத்தார். ஜெகன் பழைய வேன்களை வாங்கி, தட்டி, பெயின்ட் அடித்து விற்கிறவன். கல்யாணமான இரண்டாம் வருடம், கணவன் இல்லாத நேரத்தில் ஒரு வேன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று கேட்டவரிடம் பெலிசியா, "மீட்டர்ல இருக்கறத நம்பாதீங்க, அது மாத்துனது" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே கைக்குழந்தையோடு கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ஐந்து மாதமாயிற்று. தவக்காலம் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "மாப்ள இன்னும் வரலியா?" என்று யாராவது கேட்கிறார்கள். பெலிசியா எட்டு மணிப் பூசையை விட்டு விடிகாலைப் பூசைக்கு மாறிக்கொண்டாள். மகள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். லூர்துநாதனுக்கு அந்த ஐந்து மாதமும் வேறு நினைப்பே இல்லை.

அப்போதுதான் எழிலரசி போன் செய்தாள். பிச்சாவரத்தை ஒட்டிய ஊர். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். தம்பி இளவரசு வாடகை வண்டி ஓட்டுகிறவன். படகு சவாரிக்கு வருகிறவர்கள் ராத்தங்க இடமில்லாமல் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து அக்காளும் தம்பியும் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்த வேன் ஒன்று சொந்தமாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்ட வசதியில்லை. "பழசு ஒண்ணு வந்துருக்குங்க ஐயா. சிதம்பரத்துல, பைபாஸ் பக்கம் ஒரு ஷெட்டுல. நீங்க எடுக்கலாம்னு சொன்னா எடுத்துக்கறோம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை ஆட்டோவில் கூட்டிப் போனார்கள். ஆட்டோ கடைசியாகத் திரும்பியபோதுதான் அவருக்கு உறைத்தது. சம்பந்தி வீடு. முன்னால் ஷெட், பின்னால் வீடு. யார் ஷெட் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வண்டியின் வயதைக் கேட்டார், ஓட்டத்தைக் கேட்டார், ஆளைக் கேட்கவில்லை. ஆள் யாராயிருந்தால் நமக்கென்ன என்று இருபத்திரண்டு வருடமாக இருந்துவிட்ட திமிர். சம்பந்தி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லாமல் வெறுங்கையோடு வந்து நிற்கிறோமே என்ற கூச்சம்தான் முதலில் வந்தது. அப்போதே வயிற்று வலி என்று சொல்லித் திரும்பியிருக்கலாமா? பிற்பாடு எத்தனையோ தடவை இதைக் கேட்டுக்கொண்டார்.

ஜெகன் ஷெட்டிலிருந்து வந்தான். ஒரு கணம் மாமனாரைப் பார்த்தான். அடுத்த கணம் முகத்தில் ஒன்றுமில்லை.

"வாங்க சார். நீங்கதான் பாக்க வந்தவரா? நல்லாப் பாருங்க."

மருமகன் வாயிலிருந்து வந்த அந்த 'சார்' கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நான் இவருக்கு மாமனார் என்று அவரும் சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பின் படுக்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் பலகை அமுங்கியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள் இருந்த பகுதியில் கோடு போட்டதுபோல் சேற்றுக் கறை. பின் விளக்கின் கண்ணாடிக்குள் மெல்லிய வண்டல். கழுத்தளவு வெள்ளத்தில் நாள் கணக்கில் நின்ற வண்டி. இறங்கி அடியில் படுத்தார். புதுக் கறுப்பு பெயின்ட் பளபளத்தது. பையிலிருந்த காந்தத்தைப் பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டையை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிடித்திருக்கும் இடத்தில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி நெஞ்சில் விழுந்தது. அங்கே இரும்பு இல்லை. துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினார். பொத்தென்றது.

வேணாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் ஜெகன், "ஓட்டிப் பாத்துட்டு வாங்களேன்" என்று சாவியை இளவரசுவிடம் கொடுத்து, அக்காளையும் ஷெட் ஆளையும் கூட அனுப்பினான். வண்டி கேட்டைத் தாண்டியதும் பின்வீட்டுக் கதவு திறந்தது. சம்பந்தியம்மாள் சவரிமேரி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"வாங்க சம்பந்தி. பேரப்புள்ளய கண்ணுல காட்டி அஞ்சு மாசம் ஆவுது. வண்டி அடியில படுக்க மட்டும் நேரம் இருக்குது."

"நீங்க அனுப்புன பொண்ணுதானே சம்பந்தி..."

"ஆமா, அனுப்புனோம். வாய அடக்கி வளத்திருந்தா எதுக்கு அனுப்புறோம்? அப்பனுக்கு ஊர் வண்டியெல்லாம் ஓட்டை, மவளுக்கு புருஷன் வண்டியே ஓட்டை. பரம்பர வியாதி."

"அம்மா, நீ உள்ள போ" என்றான் ஜெகன். அவள் நகரவில்லை. அவன் மாமனாரின் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டான். குரல் குழைவாக இருந்தது.

"மாமா, அடியில பாத்துட்டீங்க. ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தைதான். குருத்தோல ஞாயிறு அன்னிக்கு நானே வந்து பெலிசியாவையும் புள்ளையையும் கூட்டிட்டு வரேன். கோயிலுக்கு எல்லார் முன்னாடியும் ஒண்ணாப் போறோம். இல்ல, 'வேணாம்'னுதான் சொல்லுவீங்கன்னா சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. அவளும் அங்கயே இருக்கட்டும், எனக்கும் வேணாம்."

"அதுங்க ஏழைங்க மாப்ள. அந்தப் பையன்தான் ஓட்டப் போறான்."

"ஒங்க பொண்ணு என்ன பணக்காரியா?" என்றாள் சவரிமேரி.

வேன் திரும்பி வந்தது. இளவரசு சிரித்துக்கொண்டே குதித்தான். "அக்கா, பெட்டு மேல படுத்துப் பாரு, மெத்து மெத்துன்னு இருக்கு. எனக்குக் கல்யாணமே இதுக்குள்ளதான்."

"வாய மூடு. மொதல்ல ஐயா சொல்லட்டும்." எழிலரசி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒரு மாதம் உட்கார்ந்து, தேடிப் படித்து, பழைய வேன் வாங்கும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் கேள்வியாக எழுதியிருந்தாள். முப்பத்தொரு கேள்விகள். பக்கத்தில் சரி போடச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. ஒண்ணொண்ணா கேட்டுக்கறேன்."

"எக்ஸாம் ஹால்ல வந்து மாட்டிக்கிட்டீங்க" என்றான் இளவரசு.

'எடுக்கலாம்' என்று ஒரே தடவை பொய் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார் லூர்துநாதன். அவள் முப்பத்தொரு தடவை சொல்ல வைத்தாள்.

"கூரையில ஜன்னல் வெட்டுன எடத்துல ஒழுகுதா?"

"இல்லம்மா."

"கேஸ் டியூப் தேதி முடிஞ்சிருக்கா?"

"அது மாத்திக்கலாம்."

"வெள்ளத்துல நின்ன வண்டியா? சீட் பெல்ட்ட இழுத்துப் பாக்கணும்னு போட்டுருக்கு."

"இழுத்துப் பாத்தேன்."

பார்த்தது உண்மைதானே என்று மனம் சமாதானம் தேடியது. அவள் கட்டத்தில் சரி போட்டாள். ஒவ்வொரு சரிக்கும் தம்பியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். இருபத்தேழாவது கேள்விக்கு வந்தபோது நோட்டைத் திருப்பி அவரிடமே காட்டினாள்.

"இதுதான் ரொம்ப முக்கியம்னு ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன். அடியில சேஸ்ல துரு இருக்கா? ஸ்பிரிங் புடிக்கிற எடத்துல?"

கதவோரம் சவரிமேரி நின்றிருந்தாள். ஜெகன் வேறு யாரிடமோ போனில் பேசுவதுபோல் நின்றான்.

"கெட்டியா இருக்கும்மா" என்றார் லூர்துநாதன். மீதி நாலுக்கும் தலையாட்டிவிட்டு, "எடுக்கலாம்" என்றார்.

போகும்போது எழிலரசி அவர் கூலியை இரண்டு கையாலும் நீட்டினாள். "இருக்கட்டும்மா" என்று விலகினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொந்தக்காரங்க மாதிரி பாத்தீங்க ஐயா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், ஞாயிறு மாப்பிள்ளை வருகிறார் என்றார். பெலிசியா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வண்டி பாத்தீங்க? பெட்டு வச்ச நீல வண்டியா?"

"ஆமா."

"அது வெள்ளத்துல நின்னதுப்பா. நான் அங்க இருக்கும்போதுதான் கிரேன்ல தூக்கிட்டு வந்தாங்க." அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

லூர்துநாதன் பரண்மேலிருந்து அவள் பெட்டியை இறக்கி வைத்தார். அவள் மடித்த துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

ஜெகன் வாக்குத் தவறவில்லை. குருத்தோலை பிடித்துக்கொண்டு மனைவியோடும் பிள்ளையோடும் கோயில் முன்னால் நடந்தான். விசாரித்தவர்களுக்கெல்லாம் லூர்துநாதன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

ஆனி மாதம், கிள்ளைச் சாலையில், சவாரியை இறக்கிவிட்டு இளவரசு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பள்ளம். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை சேஸிலிருந்து பிய்ந்தது. வேன் குறுக்கே இழுத்து வாய்க்காலில் சாய்ந்தது. வலது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எழிலரசி ஜெகனிடம் போய் நின்றாள். "நானா எடுக்கச் சொன்னேன்? நீ கூட்டிட்டு வந்த ஆளுதான் பாத்துச் சொன்னாரு. அவரப் போய்க் கேளு" என்றான் அவன். அன்றே நோட்டோடு செம்மண்டலத்துக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. வாசலில் நின்று, படிப்பவர்கள் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஐயா, ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். இருபத்தேழாவது கேள்வி. அன்னிக்கு அது நெசமாவே கெட்டியாத்தான் இருந்துச்சா?"

இப்போது சொல்லலாம். மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் சொன்னால் இவள் போலீசுக்குப் போவாள், ஜெகன் பெயர் வரும், மறுபடி அந்தக் கடலூர் பஸ். அதுதான் காரணமா? அல்லது, தான் பொய் சொன்ன ஆள் என்று இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்ளப் பயமா? அவருக்கே இன்றுவரை தெரியவில்லை.

"அன்னிக்கு கெட்டியாத்தாம்மா இருந்துச்சு."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப தம்பி ஓட்டுனதுதான் தப்பு. வேகம் ஜாஸ்தின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்." நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

சிதம்பரத்தில் பெலிசியாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போது அவளே பேசுகிறாள். "நல்ல வண்டிங்க, தைரியமா எடுங்க" என்கிறாளாம். இப்பத்தான் எங்க வீட்டுப் பொண்ணா ஆயிருக்கா என்று சவரிமேரி கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். பெலிசியா அப்பாவுக்குப் போன் செய்வதில்லை. அவர் செய்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாள்.

லூர்துநாதன் இளவரசு வீட்டுக்கு மூன்று முறை போய்விட்டார். முதல் முறை தெரு முனை வரை. இரண்டாம் முறை வாசல் வரை. மூன்றாம் முறை உள்ளே போய் உட்கார்ந்தார். இளவரசு கட்டிலில் இருந்தான். அவன் அம்மா மாரியம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கய்யா, நல்ல வண்டியப் போட்டு ஒடச்சிட்டு வந்து படுத்திருக்கான். பொட்டப்புள்ள சேத்த காசு" என்றாள். சமையலறையிலிருந்து எழிலரசி, "அவன விடும்மா, பள்ளத்தப் பாத்து ஓட்டத் தெரியாதவன்கிட்ட என்ன பேச்சு" என்றாள்.

இளவரசு சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மன்னிச்சிக்கங்க ஐயா. ஒங்க பேரயும் சேத்துக் கெடுத்துட்டேன். பள்ளத்த நான் பாத்தேன். வண்டி தாங்கும்னு நெனச்சி எறக்கிட்டேன். என் தப்புதான்."

லூர்துநாதன் அந்த வீட்டு டீயைக் கடைசி மடக்கு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

உன் மேல தப்பு இல்லப்பா. இளவரசுக்குச் சேர வேண்டிய அந்த நாலு வார்த்தை இன்னும் அவரிடமேதான் இருக்கிறது.