கிலோவும் முழமும்

குனிவதற்கு முன்னால் சூர்யகலா கம்பியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். விடிகாலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் தராசுக்குச் செய்கிற அதே மரியாதை. பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, "எந்தத் தட்டும்மா மாட்டியிருக்க, அஞ்சா பத்தா?" என்று கேட்பார். அந்த ஜிம்மில் வேறு யாரும் அதைத் தட்டு என்று சொல்வதில்லை. ஆனால் பயிற்சி கொடுக்கிற பானுப்ரியாவே மூன்றாம் மாதத்தில் 'பிளேட்' என்பதை விட்டுவிட்டாள்.

பழனி சாலையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மொட்டை மாடியில் தகரம் போட்ட ஜிம் அது. பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பெண்களுக்கு. சூர்யகலாவுக்குத் தோதான நேரம். காலைக் கொள்முதல் முடிந்திருக்கும்; மாலைக்குக் கட்ட வேண்டிய மொட்டு ஈரத்துணிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சுடிதாருக்கு மேல் மகனுடைய பழைய சட்டை, கொண்டையில் ஒரு முழம் மல்லிகை என்று வந்து நிற்பார். அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் தகரத்தின் வெக்கையில் ரப்பர் வாடையோடு பூ வாசமும் கிளம்பும்.

"இருவத்தஞ்சு வருசமா பூ மூட்டை தூக்குறேன். எனக்கே தூக்கச் சொல்லித் தாறியா?" என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தார்.

"முதுகால தூக்குறீங்கக்கா. காலால தூக்குங்க" என்றாள் பானுப்ரியா. அவளுக்கு இருபத்தாறு வயது. சூர்யகலாவுக்கு நாற்பத்தாறு.

மார்க்கெட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: 'கை நீளக்காரம்மா'. மற்ற வியாபாரிகள் முழம் போடும்போது விரலை மடக்கிக்கொள்வார்கள். இவர் விரலை நீட்டி, நடுவிரல் நுனியையும் தாண்டி இன்னொரு கண்ணி விட்டுத்தான் நாரை அறுப்பார். கட்டுப்படியாகுமா என்று கேட்டால், "தலைக்குப் பத்தாம போனா அந்தப் புள்ள கண்ணாடி பாக்குறப்ப என்னையத்தான் திட்டும்" என்பார்.

இப்படிப்பட்டவர் உடம்பைக் குறைக்கக் கிளம்பியது அழகுக்காக இல்லை. தம்பி ஆண்டிச்சாமி ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அக்காவின் ரத்தம் பொருந்தியது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. எடை மட்டும் எண்பத்தாறு. எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் அவருடைய சிறுநீரகத்தை எடுப்போம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர், அதிகம் வாய் திறக்காத மனிதர். "ஒந் தம்பி, ஒன் ஒடம்பு. நான் சோறாக்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்பதை சூர்யகலா கேட்டது அது இரண்டாம் முறை. நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் பெருமாள்சாமிக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். "தீவாளி போகட்டும், பொங்கல் போகட்டும்னு இருந்தேன். அண்ணன் போயிருச்சு." இதை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார், கனகாம்பரத்தை எண்ணிக்கொண்டே. சொல்லி முடித்ததும் பூவை மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இந்த முறை பண்டிகைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. கன்னம் ஒட்டியது, கை தளர்ந்தது, பூ மூட்டையைத் தூக்கும்போது கண் இருட்டியது. அதற்கப்புறம் முள் அசையவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைகிறது, கத்தி வைக்கப்போகிற உடம்பு வற்றக்கூடாது, முட்டை சாப்பிடுங்கள், கொஞ்சம் எடையும் தூக்குங்கள் என்றார்.

மார்க்கெட்டே சிரித்தது. பக்கத்துக் கடையில் மாலை கட்டுகிற ஜெகபர் அலிதான் முன்னணி. "ஏக்கா, வெயிட்டத் தூக்குனா வெயிட்டு கொறையும்னா, நம்ம லோடுமேன் மொக்கைச்சாமிக்கு ஏன் தொப்பை முன்னால போகுது, ஆளு பின்னால வாரான்?"

"அவன் பகல்ல தூக்குறான், ராத்திரி எட்டுப் பரோட்டாவ எறக்குறான். தூக்குறது மட்டும் பத்தாதாம்ல. தட்டுலயும் கை கொறையணுமாம்."

பதில் சொல்லிவிட்டாரே தவிர, மனதுக்குள் அவருக்கும் அதே சந்தேகம்தான். ஆறு வாரம் கழித்து ஜிம்மின் எடை இயந்திரத்தில் ஏறினார். எண்பது கிலோ அறுநூறு கிராம். ஏறியிருந்தது. இறங்கிய வேகத்தில் பானுப்ரியாவைப் பிடித்துக்கொண்டார். "கொறைக்க வந்தவள ஏத்தி வுட்டுட்டியேடி! அங்க ஒருத்தன் ஊசியக் குத்திக்கிட்டு நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்கான். எனக்கு என்ன வெளையாட்டா?"

பானுப்ரியா இஞ்சு டேப்பை எடுத்தாள். சூர்யகலாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. முதல் நாள் அவள் டேப்பால் அளந்தபோதே, இவர் தன் பங்குக்குப் பூக்கட்டும் நூலை இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டு, சுருக்குப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து மறுபடி சுற்றினார். முடிச்சு நாலு விரற்கடை தாண்டிப் போய் நின்றது. கோபத்தில் தப்பாகச் சுற்றிவிட்டோமோ என்று இன்னொரு தரம் சுற்றினார். அதே நாலு விரற்கடை.

"கொழுப்பு போயிருக்குக்கா. புதுசாத் தூக்குற ஒடம்பு, சதை கொஞ்சம் தண்ணியப் பிடிச்சு வைக்கும். அதான் மிஷின்ல தெரியல."

சூர்யகலா நூலைக் கையில் பிடித்தபடி நின்றார். "தண்ணி தெளிச்ச பூ மாதிரியா?"

"அப்டின்னா?"

"பூவுல தண்ணி தெளிச்சா கிலோ கூடும்டி. கட்டுனா முழம் கூடாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கிலோவில் வாங்கி முழத்தில் விற்கிற பெண்பிள்ளைக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை. மறுநாள் வந்து கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நூலை மார்க்கெட்டிலும் காட்டினார். ஜெகபர் அலி விடவில்லை. "ஒம் முழத்துல அளந்தா ஆனைக்கும் இடுப்பு சிறுத்துத்தான்க்கா தெரியும்." ஆனால் நாலைந்து நாள் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அங்கே ஆம்பளைகளுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு கிலோவும் மெல்ல இறங்கியது. ஒரு வாரம் இருநூறு கிராம், ஒரு வாரம் ஒன்றுமில்லை. கம்பியில் தட்டு மட்டும் கூடிக்கொண்டே போனது. கன்னத்தில் பழைய களை திரும்பியது. ஆண்டிச்சாமிக்குத்தான் சகிக்கவில்லை. மாலையில் கடைப்பக்கம் வந்து உட்கார்ந்து, "எனக்காக ஒன் ஒடம்பக் கெடுத்துக்காதக்கா" என்பார். "கெடுக்கலடா அப்பு, கட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணியை இறுக்குவார் சூர்யகலா.

போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் கொண்டையில் மூன்று முழம். செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். போனையும் சுருக்குப் பையையும் தம்பியிடம் கொடுத்தார். கடைசியில் பூவையும் எடுத்தார்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "பூவுல என்னம்மா வெயிட்டு இருக்கு?"

"கிலோக் கணக்குல வாங்குறவகிட்ட கேக்குறியே தாயி."

ஆண்டிச்சாமி இரண்டு கையிலும் பூவை ஏந்திக்கொண்டு நின்றார். "ஏக்கா, கூடுதலா இருந்தா விட்ரு. நான் கிட்னிக்குப் பதிஞ்ச வரிசையிலயே நின்னுக்கிறேன்."

"ஏலே, வாய மூடிக்கிட்டுப் பூவப் பிடி. செத்த தள்ளி நில்லு, ஒன் மூச்சுக்காத்து பட்டு மிஷின்ல நூறு கிராம் ஏறிறப் போகுது."

ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். இயந்திரம் ஒரு தடவை கத்தியது.

"எழுபத்து நாலு அறுநூறு" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

ஆண்டிச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சூர்யகலா உடனே இறங்கவில்லை. இறங்கியதும் தம்பியின் கையிலிருந்து பூவை வாங்கி, நர்ஸைத் திரும்பி நிற்கச் சொல்லி அவளுடைய பின்னலைப் பார்த்தார். முழங்கையில் தொடங்கி, விரலை நீட்டி, நடுவிரல் நுனியைத் தாண்டி இன்னொரு கண்ணி விட்டு, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.