வெள்ளைப் பூ வந்த பிறகு

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டு ஊர்களில் என் வீட்டுக்காரரைப் போல பக்தியான ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. வெள்ளிக்கிழமை மழை கொட்டினாலும் அவர் அம்மன் கோயிலுக்குப் போவது நிற்காது. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, போகிற வழியில் நாலு பேரிடம் நின்று கதை பேசி, அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பொங்கல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். அம்மனுக்கும் அவருக்கும் ஒரு தகராறும் கிடையாது. அவள் இவரிடம் எதுவும் கேட்டதில்லை. இவரும் அவளுக்காக எதையும் விட்டதில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பக்திக்கு வினையாக வந்தது அவருடைய வயிறு. மிளகு பறிக்க ஏணி போட்டு மரம் மரமாக ஏறி இறங்கியதோ, பலாப்பழம் சுமந்ததோ, அடிவயிற்றில் ஓரமாக ஒரு வீக்கம் வந்துவிட்டது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். “வெறும் காத்துதான் புள்ள” என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டே நாளை ஓட்டினார். நான்தான் சண்டை போட்டு, பஸ் ஏற்றி, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். குடலிறக்கம். ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

“இப்பச் செஞ்சா சின்ன வேலைதாங்க. அப்படியே விட்டீங்கன்னா ஒரு நாள் குடல் வெளிய வந்து மாட்டிக்கும். அப்புறம் உசுருக்கே ஆபத்து. நீங்க அத்தனை வளைவும் சுத்தி மலையை விட்டு எறங்கறதுக்குள்ள நேரம் தாண்டிடும்.”

இவர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். “சரிங்க. அம்மனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறனுங்க” என்றார். டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? கல்யாணமோ கிணறோ, மாடு வாங்குவதோ, பூ கேட்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் எதிலும் இறங்குவதில்லை.

பூ கேட்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, எது எதில் என்று தெரியாதபடி குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நிற்க, பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. என்னைக் கட்டலாமா என்று இவர் வீட்டில் கேட்டபோது வெள்ளைதான் வந்ததாம். அதற்காக அம்மனை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், அது வேறு கதை.

ஆபரேஷனுக்கும் வெள்ளை வந்தது. “அதான் உத்தரவு குடுத்துட்டாளே, போய்ட்டு வாங்க” என்றார் பூசாரி. நான் வீட்டுக்கு வந்து துணிமணியை எடுத்துப் பையில் வைத்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார்.

“செஞ்சுக்கோன்னு சொல்லிட்டா, சரி. எப்பன்னு சொல்லலியே புள்ள.”

அடுத்த வெள்ளிக்கிழமை, இந்த மாதமே செய்யலாமா என்று கேட்டார். வெள்ளை. நம்ம அம்மன் நம்மைப் பார்த்துப் பழகிவிட்டாள், எதைக் கேட்டாலும் சரி என்கிறாள் என்று பக்கத்து ஊர் அம்மனிடம் போனார். அங்கேயும் வெள்ளை. பிறகு ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஒரு கருப்பனாரிடம் போனார். அங்கே சிவப்பு வந்துவிட்டது. அன்று திரும்பி வந்தவருக்கு வாயெல்லாம் பல்.

“ரெண்டு அம்மனும் சொன்னது கணக்குல இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“பொம்பளை சாமிங்களுக்கு ஆம்பளை உடம்பைப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. அப்போது என் கையில் இருந்த கரண்டிக்குத் தெரியும்.

ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர், வண்டியில் படுத்துத் திரும்பி வந்தார். அதைப் பார்த்த மனிதரிடம் எப்படித்தான் பேசுவது? அதனால் நானும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. வீக்கம் உள்ளே போகவில்லை, கல்லாக இருந்தது. டாக்டர் அம்மா சொன்ன நாள் இதுதான் என்று நினைத்தேன். சாக்கை விரித்துப் படுக்க வைத்து, அவர் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, கொஞ்ச நேரத்தில் தானாக உள்ளே போனது. மனிதர் எழுந்து உட்கார்ந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா?

“நாளைக்கு அம்மனை மறுபடியும் ஒருக்கா கேட்டுடலாம் புள்ள.”

மறுநாள் கூடவே போனேன். பூசாரி மடிப்புகளைக் குலுக்கி வைத்தார். எடுக்கக் குனிந்தார். நான் முந்திக்கொண்டு இரண்டையும் அள்ளி என் மடியில் போட்டுக்கொண்டேன். அந்தக் கோயிலில் யாரும் அப்படிச் செய்ததில்லை. இவர் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்க, உங்களை ஒண்ணு கேக்கறேன். இவ சொல்றதை நம்பறீங்களா இல்லியா?”

“நம்பாமயா வாரம் தவறாம வாரேன்?”

“வாரீங்க, அது தெரியும். நம்பறீங்களான்னுதான் கேட்டேன். இவ போன்னு சொல்லி மாசக்கணக்காச்சு. நீங்க உத்தரவு கேக்க வரலீங்க, போகாம இருக்கறதுக்குச் சாக்குத் தேடி வாரீங்க. இவ மேல பாரத்தைப் போடறதுன்னா போட்டுட்டு இன்னிக்கே கெளம்புங்க. முடியலியா, பயமா இருக்குன்னு இவகிட்டயே சொல்லி அழுங்க. பூவை விட்டுடுங்க.”

நன்றாகத் திட்டு வாங்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். “பயமாத்தான் இருக்கு” என்று அவளிடம் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று பூசாரியிடம் விசாரித்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் பெண் ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்தாள். “கைக்கயிறு, அரைஞாண் கயிறு எல்லாத்தையும் எடுத்தாகணுங்க ஐயா” என்றாள். போன கோயிலில் எல்லாம் கட்டிய கயிறுகள் கையில் கொத்தாகக் கிடந்தன. அவை போகட்டும். இடுப்புக் கயிறு? எங்கள் பக்கம் ஆண்பிள்ளையின் அரைஞாணை அறுத்து எடுப்பது அவன் பிணமான பிறகுதான். கோயிலில் அத்தனை பேச்சுப் பேசிய நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இடுப்புக் கயித்தை மட்டும் விட்டுடு கண்ணு. கொஞ்சம் மேல ஏத்திக் கட்டிக்கறோம்.”

“முடியாதுங்கக்கா. அங்கதான வேலையே.”

இவர் என் கையை எடுத்து விலக்கினார். சட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பி நின்றார். “அறுத்துடு சாமி. கயிறு இல்லீன்னா அம்மனுக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடுமா?” என்றார். என்னிடம், “நீ போயி ஒரு டீ குடி” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். அறுத்த கயிறுகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. பயத்தில்தான் அழுதேன். அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

நல்லபடியாக முடிந்தது. ஏணியைத் தொடக் கூடாது என்று டாக்டர் அம்மா சொன்ன நாட்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் வைத்த ரசத்தில் குற்றம் கண்டுபிடித்து என் உயிரை வாங்கினார். நடக்கலாம் என்றானதும் கோயிலுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததுமே பூசாரி இலையைக் கையில் எடுத்துவிட்டார்.

“இன்னிக்கு என்ன கேக்கணுங்க?”

“ஒண்ணும் கேக்க வரலீங்க. சும்மா இவளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் ஒரு கயிறுகூட இல்லை. வந்தவர்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். காதில் விழவில்லை. கல்யாணமான நாள் முதல் அவரோடு கோயிலுக்குப் போகிறேன். அவர் சாமி கும்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.