நான் விழுந்தபோது அபிஷேகம் என்றார்கள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதைச் சபை நடுவில் எழுந்து நின்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

1978-ஆம் ஆண்டு மழைக்காலம். எனக்குப் பத்தொன்பது வயது. மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை செய்தேன். அப்பா அரிசி மூட்டை சுமந்தார். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் ஆராதனைக்கு மலையாள வேதத்தைத்தான் கொண்டுபோவேன்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடக்கும். கடையிலும் ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிற பிள்ளைகள் வருவோம். வாரமெல்லாம் யாருக்கோ உழைத்துவிட்டு அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கென்று இருந்தது. கூட்டத்தை நடத்தியவர் டேனியல் அண்ணன். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எனக்குப் பக்கத்தில் எப்போதும் மெர்சி இருப்பாள். கிடங்கிலும் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் நின்று கைதட்டித் துதித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். சுற்றிலும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சத்தம். டேனியல் அண்ணன் அழுதுகொண்டே, "நம்ம சகோதரி மேல அபிஷேகம் இறங்கியிருக்கு" என்றார். என் நாக்கில் இரத்தம் கரித்தது. பாவாடை நனைந்திருந்தது. அதை முதலில் பார்த்தவள் மெர்சி. எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து மறைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு என்னிடம் ஜெபிக்கச் சொல்லிப் பெரியவர்கள்கூட வந்தார்கள். தலையில் கை வைக்கச் சொன்னார்கள். எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. ஆவியானவர் வந்தால் உடுப்பு ஏன் நனைய வேண்டும்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த முறை படகில் விழுந்தேன். எறணாகுளத்தில் நற்செய்திக் கூட்டம் என்று எல்லோரும் சேர்ந்து புறப்பட்டிருந்தோம். ஓரத்தில் நின்றிருந்தேன். மெர்சி இடுப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் காயலில் போயிருப்பேன் என்று பிறகு சொன்னார்கள். விழித்தபோது யாரோ ஒரு மலையாளி என் கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தியிருந்தாள். எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியே இன்னொருத்தியிடம், "பேயாக்கும். பக்கத்துல போகாதே" என்றாள். அவளுக்காக நான் தலையில் கை வைத்து ஜெபித்திருந்தேன்.

அதோடு நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா என்னைக் கிடங்குக்கும் அனுப்பவில்லை. பகலெல்லாம் அடுக்களையில் கிடந்தேன். யாராவது வாசலில் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். செத்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் சுகம் கேட்கவில்லை. நான் உம்முடைய பிள்ளையா, பேய் பிடித்தவளா? அதை மட்டும் எனக்குச் சொல்லும்." வேறு ஜெபம் வரவில்லை. அதையே தினமும் கேட்டேன்.

சபையில் பேய்தான் என்று முடிவு செய்து எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். நடுவில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் எனக்குத் தெரிந்த முகங்கள். டேனியல் அண்ணன் என் தலையை அழுத்திப் பிடித்து, "உன் பேரு என்ன? சொல்லு" என்று அதட்டினார்.

"ராணிதான் அண்ணே" என்றேன்.

"ராணி இல்லே. உள்ளே இருக்கிறவன் பேரைச் சொல்லு."

எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. குனிந்து அழுதேன்.

அப்போது மெர்சி எழுந்தாள். "அண்ணே, நிறுத்துங்க. எங்க சேட்டனுக்கும் இதுதான்." தன் அண்ணனைச் சொன்னாள்.

அவள் அம்மா பதறிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இரிடீ. மிண்டாதே." உட்கார், வாய் திறக்காதே என்று அதட்டினாள். மெர்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் அத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மெர்சி உட்காரவில்லை.

"சேட்டன் ஊர்ல வேலை பாக்குதுன்னு சொன்னோம். வேலை ஒண்ணும் இல்லே. சின்னதுலயே வலிப்பு. மாமா வீட்ல ஒளிச்சு வச்சிருக்கோம். இப்ப மாத்திரை தின்னுது, விழுறது இல்லே. இது பேயும் இல்லே, அபிஷேகமும் இல்லே. ராணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

என் தலையிலிருந்து டேனியல் அண்ணன் கையை எடுத்தார். பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். "அன்னைக்கு அபிஷேகம்னு சொன்னதும் நான்தான், இன்னைக்குப் பேயின்னு சொன்னதும் நான்தான். ரெண்டும் தெரியாமச் சொல்லிட்டேன் ராணி" என்றார்.

திங்கட்கிழமை அவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மா, மெர்சி, அவர், நான் நால்வரும் படகேறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பேடிக்கண்டா மோளே. இது ரோகமாணு. மருந்துண்டு" என்றார். பயப்படாதே, இது நோய்தான், மருந்து இருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னபோது என் ஆண்டவர் சொன்னதாகவே கேட்டேன். நான் அவருடைய பிள்ளைதான்.

ஆனால் அந்த வாரமே மெர்சியின் கல்யாணப் பேச்சு முறிந்தது. கிடங்குக்குத் திரும்பிப் போனபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. படகில் விழுந்ததைவிட அதுதான் பெரிய வெட்கம். என் ஜெபத்துக்கு வந்த பதிலுக்கு அவள் விலை கொடுத்திருந்தாள். ஒருநாள் தாங்காமல் அழுது கேட்டேன்: "ஏன் மெர்சி சொன்னே?"

"நானா எழுந்திருக்க மாட்டேன் ராணி. எனக்கு அவ்வளவு பேடி, பயம். யாரோ கையைப் பிடிச்சுத் தூக்கின மாதிரி இருந்துச்சு." பிறகு என் முறத்தைக் காட்டி, "கல்லு கிடக்கு, பாரு" என்றாள்.

அன்றுமுதல் எனக்காகக் கேட்பதைக் குறைத்து அவளுக்காகக் கேட்டேன். சில வருடம் கழித்துக் கலூரில் இருக்கும் ஒரு தையல்காரர் பெண் கேட்டு வந்தார். சேட்டனைப் பற்றி மெர்சியே முதலில் சொன்னாள். அவர் தெரிந்துதான் கட்டினார். கல்யாணத்தன்று அவள் சேட்டன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் எல்லோருக்கும் சோறு பரிமாறினார். என்னால் இலையைப் பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

நான் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்போதாவது விழுந்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது கதவுக்குப் பின்னால் போய் நிற்பதில்லை. சபைக்கு வருகிறேன், வாலிபப் பெண்களோடு உட்காருகிறேன், கணக்கில்லாத நன்மைகளுக்காகத் துதிக்கிறேன்.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒளித்து வைத்த பிள்ளை இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி கேளுங்கள். மருந்துக்கு வெட்கப்படாதீர்கள். அந்தப் பிள்ளையைச் சனிக்கிழமை எங்களிடம் அனுப்புங்கள். விழுந்தால் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் இருப்பேன்.