பாதி கிளட்ச்

என் அக்கா வீட்டுக்கு யார் போனாலும் ‘உக்காருங்க’ என்று சொல்ல மாட்டார்கள். ‘இருங்க, இருங்க’ என்பார்கள். போன மாதம் எங்கள் பெரியம்மா அதைக் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று எடுத்துக்கொண்டு, கைப்பையை அணைத்தபடி கால் மணி நேரம் கூடத்தில் நின்றுவிட்டு வந்தார். “வந்தவள உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லலயே” என்று இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். காரணத்தைச் சொன்னால் அவர்கூடச் சிரித்துவிடுவார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறார். கற்றுக்கொள்ள வருபவர் சுவரில் மோதினாலும் பொறுத்துக்கொள்வார். பாதி கிளட்ச் மட்டும் அவருக்கு ஆகாது. கிளட்சை முழுதாக மிதிக்காமல், முழுதாக விடவும் செய்யாமல், காலை அதன்மேல் தொங்கவிட்டுக்கொண்டே ஓட்டுவது. “முழுசா மிதிங்க! பாதியில வெச்சா உள்ள தேஞ்சு போயிடும்” என்று அவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் அவர் ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தார். வெளிர்மஞ்சள் நிறம். எதிரில் எது இருந்தாலும் நிற்காமல் போய் மோதும். அதனால் அதற்குப் பிரேக் என்று பெயர் வைத்தார். அக்காவின் செருப்புகளில் இடது கால் செருப்பை மட்டும் தேடிக் கடித்தது. சோபாவின் கை போயிற்று. அத்தானின் வண்டியில் மாட்டும் ‘எல்’ பலகையைத் தின்று அஜீரணத்தில் கிடந்தது. ஆசை மிகுதியில் தபால்காரர் நெஞ்சில் முன்கால்களை வைத்து அவரைப் படிக்கட்டில் சாய்த்தது. அன்றைக்கு அக்கா சொல்லிவிட்டாள்: “ஏங்க, இது இங்க இருக்கணும்னா அடங்கி இருக்கணும். இல்லன்னா யாருக்காவது குடுத்துடுங்க.”

அத்தானுக்கு அதைக் கொடுக்க மனசில்லை. எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்தாக ‘உக்காரு’ என்ற சொல்லைப் பிடித்தார். உட்கார்ந்திருக்கிற நாயால் தாவ முடியாது, தட்டில் பாய முடியாது, கதவு திறந்ததும் தெருவுக்கு ஓட முடியாது. உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். பதினைந்தே நாளில் அழைப்பு மணி அடித்தால் பிரேக் வாசலில் உட்கார்ந்தது. கடிப்பதற்குக் கெட்டி ரப்பர் பொம்மையும், காலை மாலை நடையும் கொடுத்ததில் செருப்புகள் பிழைத்தன. குளிப்பாட்டிய பிறகு அந்தத் தொங்கு காதுகளை நிமிர்த்தி, ஈரம் நின்று சீழ் பிடிக்காமல் பஞ்சால் துடைப்பார். அக்கா காய்ச்சலில் படுத்தபோது அவர் அவ்வளவு பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தப்பு பிஸ்கட்டில் ஆரம்பித்தது. லாப்ரடாருக்கு வயிறு நிறைந்தது என்று சொல்லத் தெரியாது. கால்நடை மருத்துவரம்மா, “நாப்பத்து மூணு கிலோ இருக்கு, பத்து கிலோ குறைங்க” என்றார். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “சாப்புடற உடம்பு டாக்டர்” என்றார். இதில் எனக்கும் பங்கு உண்டு. போகும்போதெல்லாம் பத்துத் தடவை உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பேன், பத்து பிஸ்கட் போடுவேன்.

மூன்றாவது வருடம் அது உட்காரும் விதம் மாறியது. பின்பக்கத்தைப் பாதி இறக்கிவிட்டு அப்படியே நிற்கும். இல்லையென்றால் ஒரு காலை வெளியே தள்ளிவிட்டு ஒருக்களித்துச் சாயும். ஒருநாள் அத்தான் அதைப் பார்த்து, “பாத்தியாடா, நம்ம ஆளு பாதி கிளட்ச் போடறான்” என்று என்னிடம் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் அதன் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, “முழுசா” என்று அழுத்தினார். பிரேக் கத்தவில்லை. திரும்பி அவர் கையை நக்கியது. கொஞ்சுகிறது என்று நினைத்தோம். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. பாதியில் நின்றால் ஓர் அழுத்து, ஒரு பிஸ்கட். ஏழெட்டு மாதம்.

ஒரு காலையில் அதனால் வழவழப்பான தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பின்கால்கள் வழுக்கிக்கொண்டே போயின. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. நானும் அத்தானும் போர்வையில் தூக்கிப்போனோம். அக்காவும் வந்தாள். மருத்துவரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தவில்லை. பிறவிக் கோளாறு, இந்த இனத்துக்கு வருவதுதான். எடை அதைச் சீக்கிரம் தேய்த்துவிட்டது என்றார்.

“உக்காரும்போது சிரமப்பட்டிருக்குமே?”

“ஆமா டாக்டர். பாதியில நின்னுடும்” என்றார் அத்தான்.

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

அக்காதான் சொன்னாள்: “அமுக்குவாரு.”

மருத்துவரம்மா திட்டவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தபடி, “இனிமே உக்காரச் சொல்லாதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்த அத்தான் கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டார். சோற்றை நிறுத்துப் போட்டார். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு. தினமும் மாத்திரை, சின்னச் சின்ன நடை. ஒன்பது மாதத்தில் பத்து கிலோ குறைந்தது. பிரேக் நொண்டாமல் நடந்த அன்று அக்கா அழுதேவிட்டாள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் யாராலும் அதன் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை. ‘நில்லு’ பழக்கினார், அதுவும் பழகிற்று. ‘உக்காரு’ போகவில்லை. விருந்தாளியிடம் சொன்னாலும் தனக்குத்தான் சொன்னார்கள் என்று அது இடுப்பை இறக்கத் தொடங்கும். அப்படித்தான் அந்த வீட்டில் அந்தச் சொல் செத்தது.

சொல்லாமலும் உட்காரும். அத்தான் முகம் வாடியிருந்தால் போதும், அவரைச் சந்தோஷப்படுத்த அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும், அது இடுப்பை இறக்குவதற்கு முன் இவர் தடாலென்று தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதை நின்ற நிலையிலேயே தடவிக்கொடுக்கிறார். கால்சட்டை முட்டி எல்லாம் நைந்துபோயிருக்கிறது. “உள்ள தேயறது வண்டில தெரிஞ்சுது, இதுகிட்ட தெரியல எனக்கு” என்று ஒருநாள் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அத்தான் தரையில்தான் இருந்தார். ஐம்பது வயது மனிதர் கீழே கிடக்கிறாரே என்று, யோசிக்காமல் வாயை விட்டேன்: “மேல உக்காருங்க அத்தான்.”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிரேக் நிமிர்ந்தது. விரிப்பின் நடுவுக்கு வந்தது. கால்கள் நடுங்கின. பாதியில் ஒரு கணம் நின்றது; அத்தானின் கையைப் பார்த்தது. யாரும் அழுத்துவதற்கு முன், மீதியையும் தானே இறக்கி முழுசாக உட்கார்ந்தது.

அத்தான் என்னைத் திட்டவில்லை. ஓடிப்போய் அதன் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அது திரும்பி அந்தக் கையை நக்கியது.