கோதண்டம் அடித்த பெயர்

போன வாரம் மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்கு. வயதானவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். ஓட்டல் அரங்கின் கதவைத் திறந்ததும், ஏசியில் ஊறிய கம்பள வாடை மூக்கில் ஏறியது. செங்கல்பட்டில் நான் படித்த கல்லூரியின் கணினி ஆய்வகத்திலும் இதே வாடைதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் பயபக்தியோடு போவோம்.

அங்கே நானும் கோதண்டமும் ஆராய்ச்சி மாணவர்கள். அவனுக்கு ஊர் படாளம், கரும்பு போடுகிற குடும்பம். ஒரு கம்பெனியின் மென்பொருளைப் பற்றி வந்த பழைய புகார்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, புதிய புகாரைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று அதைச் சொல்லவைப்பது எங்கள் வேலை. புகார்களில் ஒரு பாதி பாடம், மறுபாதி பரீட்சை. கணினி பிரமாதமாகத் தேறியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இதைக் கட்டுரையாக எழுதி ஒரு கருத்தரங்கில் வாசிக்க இருந்தோம். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது கோதண்டம் கட்டுரையோடு வந்தான். ஒரே கோளாறைப் பற்றிப் பல பேர் எழுதிய புகார்கள் இரண்டு பாதியிலும் கலந்திருந்தன.

"மச்சான், கேள்வித்தாள முன்னாடியே குடுத்துட்டு மார்க்கு போட்டுகினு கீறோம்டா."

அதே கல்லூரியில் எனக்கிருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலை நிரந்தரமாவது அந்தக் கட்டுரையில்தான் தொங்கியது. முதலில் வாசித்துவிட்டு வருவோம், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றேன். அவன் வாதாடவில்லை. பேனாவை எடுத்துத் தன் பெயரை மட்டும் அடித்தான்.

எனக்குப் பரிசு கிடைத்தது, இதே மாமல்லபுரத்தில். கோதண்டத்தின் ஆய்வேடும் அந்தப் புகார்களை வைத்து எழுதியதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். வழக்கப்படி கட்டுரையில் முதல் பெயர் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருடையது. அவர் பிறகு அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பதிவுக் காலம் முடிந்து, பட்டமில்லாமல் ஊருக்குப் போனான். நான் பேராசிரியரானேன். திருத்தவே இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் கருத்தரங்கு முடிந்ததும் நேரே படாளம் போனேன். கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன், நீ சொன்னதுதான் சரி என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்தது அவன் மனைவி. அவன் மாரடைப்பில் போய் ஐந்து மாதமாகிறது என்றார். சொல்ல வந்ததை அவரிடமே சொன்னேன்.

"என்னமோ தப்பு பண்ணிட்டாரு, அதான் காலேஜ்ல தொரத்திட்டாங்கன்னு ஊரே பேசிச்சு சார். நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

பேராசிரியரும் இப்போது இல்லை. புகார்கள் இருந்த டிஸ்க் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. கோதண்டம் தப்பு செய்யவில்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவன் பெயரை அடித்த அந்தத் தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டது நான்தான்.