பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள்

“உங்க பேரு?” என்று கேட்கும்போது சிலா அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்ப்பாள். ஈரக் கால், சுண்ணாம்புச் சேறு ஒட்டிய கால், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த வெறுங்கால். பெயரைக் கேட்டு வாங்கியதும் படிக்கட்டின் தலைப்பில் நின்று, அவர்கள் இப்போதுதான் ஏறி வந்த குகைத் துவாரத்துக்குள் குனிந்து கூப்பிடுவாள். “மின்ஜுன், வா. வீட்டுக்குப் போறோம். அங்கயே தங்கிடாத.” கொரியாக்காரன் மின்ஜுன் அவளுக்குப் பக்கத்திலேயே தலை துவட்டிக்கொண்டு நிற்பான்.

வெளியூர்க்காரர்கள் இதை ஆள் கணக்கெடுப்பு என்று நினைக்கிறார்கள். நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர்கூடப் பாதுகாப்பு ஏற்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மறுக்கவில்லை. எங்கள் தீவில் கடற்கரையிலிருந்து கிளம்பும் எந்தத் தாயும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் நடக்க மாட்டாள். போன இடத்தில் லயித்துவிட்டால் உடம்பு மட்டும் வீட்டுக்கு வரும், மற்றது அங்கேயே நின்றுவிடும். குகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உள்ளே இருப்பவர்களைப் பேய் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. ‘நம்மள மாதிரி இல்லாதவங்க’ என்போம். விருந்தாளி என்றால் அவர்களுக்கு ரொம்பப் பிரியம்.

தார்சிலா பொங்காவில் என்பது அக்காவின் ஞானஸ்நானப் பெயர். சம்பளம் கிடைப்பது பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அல்ல, மிதவைச் சட்டைகளைப் பார்த்துக்கொள்வதற்கு. குளித்துவிட்டு வருகிறவர்கள் கழற்றிப் போடும் ஆரஞ்சுச் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவாள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பாள். முகம் சுளித்தால் அது மறுபடி வாளிக்குப் போகும். “அடுத்தவன் பயம் இதுல ஊறியிருக்கும். அப்படியே இன்னொருத்தனுக்குப் போட்டுவிட முடியுமா?” என்பாள். எதிரே இளநீர் வெட்டும் நான் சிரித்தால், “நீ வெட்டு, நீ வெட்டு. உன் இளநீருக்குப் பயம் கிடையாது” என்பாள்.

எங்கள் குகை என்பது தரையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் படி, அடியில் பச்சைத் தண்ணீர். கூரையில் இரண்டு பொத்தல்கள் வழியே வெயில் விழும்போது தண்ணீரின் அடிப்பாறை வரை தெரியும். வெயில் நகர்ந்துவிட்டால் கையை நீட்டினால் கை தெரியாது. தண்ணீர் பாதி உப்பு, சோப்பு நுரைக்காது. மேலே விழுதுவிட்ட பாறைகளில் உழவாரன் குருவிகள் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டே இருட்டில் வழி பார்க்கும். அக்கா இறங்கும்போது கடைசிப் படிக்கு முன்னால் நின்று, “கொஞ்சம் வழி விடுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பாள்.

பொய்ப் பெயர் சொன்னால் அவளிடம் நடக்காது. பக்கத்துத் தீவான செபுவிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் சிலர் ஒருமுறை ஆளுக்கொரு நடிகன் பெயரைச் சொன்னார்கள். அக்கா பேருந்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“எதுக்கு ஆன்ட்டி?”

“உங்கம்மா சோறு போட்டு வச்சிட்டு எந்தப் பேரைச் சொல்லிக் கத்துவாங்க? அதைச் சொல்லு.”

பையன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. “குட்டிப் பன்னி” என்றான். பேருந்தே ஆடியது. அக்கா சிரிக்கவில்லை. அத்தனை தூரம் நடந்துபோய், குனிந்து, “குட்டிப் பன்னி, வா, வீட்டுக்குப் போறோம்” என்று ஒரு பாதிரியார் ஞானஸ்நானத்துக்குப் பெயர் சொல்வதைப்போல் சொன்னாள். பதிவேட்டில் இருக்கிற பெயருக்குக் காகிதம்தான் திரும்பிப் பார்க்கும், சின்ன வயசுப் பெயருக்குத்தான் உள்ளே இருக்கிறது திரும்பிப் பார்க்கும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் தன் வீட்டு ஆளைக் கூப்பிடாமல் விட்டாள். எங்கள் ஊர் இன்னும் பேசுவது அதைத்தான்.

குகைக்குள் இருக்கும் மின்விளக்குகளை அவள் புருஷன் லியோகாதியோதான் பார்த்துக்கொண்டார். மழைக்காலத்துக்குச் சற்று முன், பாறை விளிம்பில் நின்று பல்பு மாற்றும்போது கால் வழுக்கி, தலை பாறையில் மோதி, தண்ணீரில் விழுந்தார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். ரத்தத்தைப் பார்த்து எல்லாரும் அலறினார்கள். நாற்காலியில் கட்டித் தூக்கிப் படியேற்றி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். பாலத்தைத் தாண்டிப் பாதித் தூரம் போன பிறகு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நான் கூப்பிடலையே” என்றாள். வண்டியைத் திருப்பச் சொல்ல அவளாலும் முடியவில்லை.

தலைக்காயம் ஆறிவிட்டது. அவர் வீட்டில் இருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுவார், கையைப் பிடித்தால் நடப்பார். பேச்சு இல்லை. பஸ் ஜன்னலில் உட்கார்ந்து போகிறவன் வழியில் நிற்கிறவர்களைப் பார்ப்பானே, அப்படித்தான் எங்களைப் பார்க்கிறார். டாக்டர் மூளையில் அடி என்று படம் காட்டி விளக்கினார். அக்கா மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்கிறாள். டாக்டரைப் பற்றி அவளிடம் குறை கிடையாது. “அவர் தலைக்குப் பார்க்கிறாரு. மத்தது என் பொறுப்பு” என்பாள்.

அந்த மத்தது பெரும்பாடாக இருந்தது. சாயங்காலம் கடைசி ஆளை ஏற்றி அனுப்பியதும் திரும்பி வருவது ஏறிக்கொள்ளப் புருஷனின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு குகைக்குள் இறங்குவாள். “லியோகாதியோ” என்று கூப்பிட்டாள். சுருக்கி “காதியோ” என்றாள். முதல் பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் கூப்பிடும் “ப்பா”வையும் சொல்லிப் பார்த்தாள். சட்டையைக் கொண்டுபோய் அவர் மேல் போர்த்துவாள். அவர் அந்த பஸ் ஜன்னலிலேயே போய்க்கொண்டு இருந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. அக்கா பிறந்தது சிகிஹோர் தீவில். அந்தத் தீவு என்றாலே எங்களுக்கெல்லாம் மந்திரம், மருந்து, வேர் என்றுதான் நினைப்பு. “சிகிஹோர்க்காரிக்கு ஒரு ஆளைக் கூப்பிடத் தெரியலயா?” என்று மீன் விற்கும் நெனித்தா சந்தையில் வைத்தே கேட்டாள். அக்கா ஒரு மீனைத் திருப்பிப் போட்டுச் செவுளைப் பார்த்தாள். “தெரியல. எங்க ஊர்ல மீனும் இப்படி நாறாது” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஆனால் அன்று மதியம் மிதவைச் சட்டைகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

“நான் கல்யாணமாகி வந்தவ. அவர் சின்ன வயசுல இந்தக் குகையில குளிச்சிருப்பாரு, தண்ணி தூக்கியிருப்பாரு. அப்ப அவரை என்னன்னு கூப்பிட்டாங்க?”

எனக்குத் தெரியவில்லை. என் தலைமுறைக்கு அவர் எப்போதுமே பெரியவர். “போர்சியோ மாமாவுக்குத் தெரியும்” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போர்சியோ மாமாவும் லியோகாதியோவும் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருநாள் லியோகாதியோ அவருக்கு விற்ற சேவல், சண்டைக் களத்தில் எதிரியைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிட்டது. சேவல் தோற்றால் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். ஓடினால் முடியாது. திருவிழாக் கூட்டம் மொத்தமும் போர்சியோ மாமாவைப் பார்த்துக் கொக்கரித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கோவிலில்கூட வேறு வேறு வரிசை.

போர்சியோ மாமா கள் இறக்குகிறவர். நாங்கள் போனபோது மரத்தின் உச்சியில் இருந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு, இறங்க இருந்தவர் மறுபடி பாளையைச் சீவ ஆரம்பித்தார். அக்கா அண்ணாந்து பேசினாள்.

“மாமா, ஒரு பேரு வேணும்.”

“கள்ளு வேணும்னா சாயங்காலம் வா.”

“அவரைச் சின்ன வயசுல என்னன்னு கூப்பிட்டீங்க?”

மேலே கத்திச் சத்தம் நின்றது. “அவன்கிட்டயே கேளு.”

“அவர் பேசற நிலையில இருந்தா நான் ஏன் உங்க மரத்தடியில கழுத்து வலிக்க நிக்கறேன்?”

“அந்தச் சேவல் ஓடுச்சு. தெரியுமில்ல உனக்கு?”

“சேவல்தான் ஓடுச்சு. அவர் எங்கயும் ஓடல. விழுந்த இடத்துலயே இருக்காரு.”

ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு முகம் குனிந்து பார்த்தது. பிறகு மாமா சொன்னார். “அந்தப் பேரைச் சொன்னா அவன் அடிப்பான். ஊர்ல அத்தனை பேரையும் அடிச்சு அடிச்சுத்தான் அந்தப் பேரையே ஒழிச்சான்.”

“எந்திரிச்சு வந்து அடிக்கட்டும். எனக்கு அது போதும்.”

மாமா இறங்கினார். மூங்கில் குழாயை மரத்தில் சாய்த்துவிட்டு, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் எதிரில் நின்றார். பெயரை மட்டும் சொல்லவில்லை. “நீ கூப்பிட்டா வர மாட்டான். அந்தப் பேரு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வெக்கப்பட்டு இன்னும் உள்ள போயிடுவான். நான்தான் வரணும்” என்றார்.

அன்று சாயங்காலமே வந்தார். வெளிச்சம் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டார்கள். கூரைப் பொத்தல்களில் வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அக்கா வழக்கம்போல் வழி கேட்டாள். மாமா கேட்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப்போல் இருந்தார். அக்கா சட்டையை இரண்டு கைகளிலும் விரித்துத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தாள்.

“தாஹோன்” என்று கூப்பிட்டார் மாமா.

எங்கள் மொழியில் தாஹோன் என்றால் இலை. குளிக்கும்போது கால்சட்டையைத் தண்ணீரில் தொலைத்துவிட்டு, ஒரு பலா இலையால் மறைத்துக்கொண்டு பெண்கள் நடுவே படியேறிப் போன பையனுக்கு வைத்த பெயராம். பிறகுதான் எனக்குச் சொன்னார். அப்போது அந்தச் சொல் பாறையில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. குருவிகள் கலைந்து மறுபடி அடங்கின.

“தாஹோன், குடம் ரொம்பிடுச்சுடா. எவ்வளவு நேரம் ஊறுவ? உங்கம்மா தேடறாங்க.” மாமாவின் குரல் ஒரு பையனுடையதாக இருந்தது. கொஞ்சம் காத்திருந்தார். தண்ணீர் அசையவில்லை. அக்கா விரித்த சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் கீழே இறக்கவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். இந்த முறை கிழவனின் குரலிலேயே பேசினார். “சேவல் விஷயம் போகட்டும்டா. நான் சிரிச்சிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்க, நான் மட்டும் சிரிக்கல. வா. வீட்டுக்குப் போறோம்.”

உள்ளே எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. குகையில் எப்போதும் சொட்டு விழுந்துகொண்டுதான் இருக்கும். அக்கா சட்டையை மெதுவாக மூடினாள். கைக்குழந்தையைச் சுற்றுகிற மாதிரி ஓரங்களை உள்ளே மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் நான், பின்னால் மாமா, நடுவே அவள். அப்படியே ஏறினோம்.

மேலே மழை பிடித்திருந்தது. சாலையில் வண்டிக்காரன் பெனொய் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். எங்கள் ஊர் வாடகை வண்டிகள் எல்லாமே அப்படித்தான், மோட்டார் சைக்கிளோடு ஒரு பக்கவண்டி, அதில் தகரக் கூரையின் கீழ் இரண்டு பேர் உட்காரலாம். அக்கா முதலில் ஏறி, தெருப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த ஓரத்துக்குக் கூரை எட்டாது, சாரல் நேராக அடிக்கும். நான் அவளைத் தாண்டி உட்பக்கம் போகக் காலெடுத்து வைத்தேன். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

“நீ பின்னாடி ஏறிக்க” என்றாள்.

நானும் மாமாவும் பெனொயின் முதுகுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து நனைந்தோம். வண்டி கிளம்பியது. ரொட்டிக்கடை முனையில் மழை வலுத்தது. பெனொய் தலையைத் திருப்பிக் கத்தினான். “உள்ள தள்ளி உக்காருங்கக்கா. எடம் காலியாத்தான இருக்கு, எதுக்கு நனையுறீங்க?”

அக்கா அசையவில்லை. மழை அவள் தோளில் விழுந்து, சேலை கட்டாத எங்கள் பெண்கள் உடுத்தும் அந்தப் பூப்போட்ட கவுனின் விளிம்பு வரை ஓடியது. சட்டையை ஒரு கையால் மார்போடு பிடித்திருந்தாள். சாலையின் முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது மற்றக் கையை நீட்டி, உலர்ந்து கிடந்த அந்த இடத்தின் குறுக்கே, விழுந்துவிடாமல் அணை கொடுக்கிறவளைப்போல் வைத்துக்கொண்டாள்.